கண்டியின் கடைசி மன்னன்: வாழ்வும் வீழ்வும்

நம் கல்லூரியிற் கற்றோருள் கண்டி வாவிக் கரையிலே நடவாதார் எவருமிலர். பேருந்துக்கென வீட்டிற் கொடுத்த காசுக்குக் கடலை வாங்கி உண்டுவிட்டு அக்கரை வழியே நடந்து வீடு சேர்ந்த பழைய மாணவர் பலர் இன்று இம்மலரைக் கையில் வைத்திருப்பர். முகில் வடிவாக வளைந்து செல்லும் வெண்சுவரும், எண்கோண மாளிகையும், நீர்நடுவே நிற்கும் சிறு தீவும் அவர் நெஞ்சை விட்டு அகன்றிரா. அவற்றை ஆக்குவித்தவன் கண்டியின் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன். பரீட்சைக்காக 1815 என்னும் ஆண்டை மனனஞ் செய்த நாம், அவ்வாண்டுக்கு முன்னும் பின்னும் அம்மனிதன் பட்டவற்றைப் பெரும்பாலும் கேட்டறிந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், தமிழ்ப் பாடவேளையிலே பேச்சு எங்கெங்கோ சென்று அம்மன்னனிடம் வந்து நின்றது. ஒரு மாணவன் எழுந்து, அவன் நம்மவனா என்று வினவினான். தமிழனே, தன் பாட்டனார் சொல்லியிருக்கிறார் என்றான் அடுத்த வாங்கில் இருந்தவன். பச்சைப் பிள்ளைகளைக் கொல்வித்தவனை நம்மவன் என்று எப்படிச் சொல்வது என்று மூன்றாமவன் கேட்டான். அவ்வேளையிலே மணி அடித்தது. மணி அடித்தது நமக்கு வசதியாயிற்று என்பதை மறைப்பானேன்? அன்று சொல்லாது விட்ட விடையை இம்மலர்வாயிலாகச் சொல்ல முயல்கின்றோம்.

கண்டி அரசர்கள் தென்னிந்தியாவின் மதுரைப் பக்கத்து நாயக்கர் குடிகளிலே பெண் கொள்ளும் வழக்கம் உடையவராயிருந்தனர். 1739ஆம் ஆண்டில் நரேந்திரசிங்க மன்னன் பட்டத்துக்குரிய மைந்தனின்றி இறந்தபோது, அவன் தேவியின் உடன்பிறந்தான் ஸ்ரீ விசய இராசசிங்கன் என்னும் பெயரோடு அரியணை ஏறினான். அன்று தொடங்கிய நாயக்கர் மரபிலே நால்வர் ஆண்டனர். இவர்கள் தெலுங்கு வழியினர்; தமிழும் வழங்கியோர். அரியணை ஏறிய பின்னரோ புத்த சமயத்தின் காவலராகவே ஒழுகினர். இரண்டாமவனாகிய கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்திலேதான், 1753இல், சீயத்திலிருந்து துறவியர் வருவிக்கப்பட்டு, இந்நாட்டில் அற்றுப்போயிருந்த உபசம்பதை மீண்டும் நிலைநாட்டப்பட்டது. இன்றும் ஆண்டுதோறும் நாம் கண்டு மகிழும் பெரகராவிலே புனித தந்தம் எழுந்தருளும் வழக்கத்தையும் அவனோடு சேர்த்தே வரலாறு பேசும். நகரத்திலே அரச உறவினர் வாழ்ந்த தெரு ஆங்கிலேயர் நாவிலே மலபார் வீதி ஆயிற்று. அப்பெயரை இன்றும் நாம் வழங்குகின்றோம். அவ்வீதி வழியே பள்ளிக்கு வந்தவர்களும் நம்முள் உளர்.

மூன்றாமவனாகிய இராசாதி இராசசிங்கன் 1798இல் மகப்பேறின்றி இறந்தான். அடுத்தவனைத் தெரிவு செய்யும் பொறுப்பு முதலாம் அதிகாராகிய பிலிமத்தலாவையின் கையில் வந்தது. இறந்த மன்னனின் உறவினருள் வயது வந்தவரும் தகுதி உடையவரும் இருந்தனர். முத்துசாமி என்பானும் அவர்களுள் ஒருவன். பிலிமத்தலாவை அவர்களை ஒதுக்கிவிட்டு, 1780இல் பிறந்து அப்பொழுது பதினெட்டே வயதான கண்ணுசாமி என்னும் இளைஞனைத் தெரிந்து முடி சூட்டினான். இளையவன், துணையற்றவன், தன் சொற்படி நடப்பான் என்பதே அமைச்சனுடைய கணக்கு. அக்கணக்குப் பிழைத்தது. கண்ணுசாமி ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனாகி, மெல்ல மெல்லத் தன் சொற்படி நடக்கத் தலைப்பட்டான்.

அவன் முடி சூடிய வேளையும் பொல்லாத வேளையே. ஐரோப்பாவிலே பிரான்சு நாட்டோடு மூண்ட பெரும்போரின் விளைவாக, 1796இல் ஒல்லாந்தர் வசமிருந்த கரையோரங்கள் ஆங்கிலேயர் கைக்கு மாறியிருந்தன. மலைநாட்டைச் சுற்றி நாற்புறமும் ஆங்கிலேயர். துறைமுகம் ஒன்றேனும் மன்னனுக்கில்லை. உப்புக்கும் கரையோரத்தையே எதிர்பார்க்க வேண்டிய நிலை. இந்நிலையிலே பிலிமத்தலாவை, தேசாதிபதி பிரெடெரிக் நோர்த்தோடு மறைவிலே பேசத் தொடங்கினான். தான் முடி சூட்டியவனைத் தானே இறக்கிவிட்டு அவ்விடத்தில் அமர எண்ணினான் என்பதே வரலாற்றாசிரியர் பலரின் முடிபு. நோர்த்தும் இதற்கு முற்றாக இசைந்தானல்லன், முற்றாக மறுத்தானுமல்லன். கதவைப் பாதி திறந்து வைத்துப் பேசுவோர் எல்லாக் காலத்திலும் உளர்.

1802இல் புத்தளத்து முஸ்லிம் வணிகர் கண்டி நாட்டிற் கொண்ட பாக்கு பறிக்கப்பட்டது. நட்டஈடு கேட்ட ஆங்கிலேயர், அது கிடையாமையைக் காரணங்காட்டி 1803 தொடக்கத்திலே படையெடுத்தனர். கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் இரு படைகள் வந்து சேர்ந்தபோது, கண்டி வெறிச்சோடிக் கிடந்தது. மன்னன் ஹங்குராங்கெத்தைப் பக்கம் சென்றுவிட்டான். ஆங்கிலேயர் தம்மிடம் அடைக்கலம் புகுந்திருந்த முத்துசாமியை அழைத்துவந்து அரசனாக்கினர். குடிகளற்ற நகருக்கு அவன் அரசனானான். பெரும்படை திரும்பிச் சென்றபின், எஞ்சிய சிறு காவற்படை மேஜர் டேவியின் தலைமையிலே மழையோடும் காய்ச்சலோடும் போராடிக்கொண்டிருந்தது. 1803 யூன் 24ஆம் நாள் கண்டியர் தாக்கினர். டேவி சரணடைந்து, திருகோணமலை நோக்கிச் செல்ல விடைபெற்று வெளியேறினான். வட்டபுலுவையிலே மகாவலி கங்கை பெருகி ஓடியது; கடக்க ஓடமில்லை. ஆற்றங்கரையிலே கண்டியர் முத்துசாமியைத் தரும்படி கேட்டனர். டேவி முதலில் மறுத்து, பின்னர் கையளித்தான். முத்துசாமியின் உயிர் அன்றே போயிற்று. பின்னர் அப்படையினரும் கொல்லப்பட்டனர். நகரிலே நோயாற் கிடந்த ஆங்கிலச் சிப்பாய்களும் தப்பவில்லை. டேவி மட்டும் பல ஆண்டுகள் கண்டியிலே சிறைக்கைதியாய் வாழ்ந்து, இவ்விடத்திலேயே மாண்டான். வட்டபுலுவை வீடமைப்புத் திட்டத்திலே இன்று குடியிருக்கும் நம் பழைய மாணவர்கள், அண்மையில் டேவியின் மரம் எனப் பெயர் வழங்கும் இடத்தை அறிவர்.

இவ்வெற்றி மன்னனுக்கு ஆக்கமாயிற்றோ, கேடாயிற்றோ என்பது ஐயத்துக்குரியது. பேரரசொன்றின் படையை அழித்தவன் என்னும் பெயரை அவன் பெற்றான். ஊக்கமிகுந்து அவ்வாண்டிலேயே கரையோரத்தின்மீது படை நடத்தி ஹங்வெல்லையிலே தோற்றுத் திரும்பினான். ஆங்கிலேயரோ அவமானத்தை மறக்கவில்லை. அடுத்து வந்த தேசாதிபதி மெயிற்லண்ட் போரை விரும்பாதவனாகையால், சில ஆண்டுகள் அமைதி நிலவியது. அந்த அமைதிக் காலத்திலேதான் மன்னன் நகரைப் புதுக்கினான்.

அவனுடைய சிற்பாசாரியன் தேவேந்திர மூலாசாரி. திகோல் வெல எனப்பட்ட வயல்வெளியை அணையிட்டு வாவியாக்கியதும், தலதா மாளிகையின் முன்றிலிலே எண்கோண மண்டபத்தை எழுப்பியதும் இக்கலைஞனின் கைத்திறன். 1807க்கும் 1812க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இப்பணிகள் நிகழ்ந்தன. மண் சுமந்தோர் யார்? இராசகாரியம் என்னும் ஊழியமுறைப்படி நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அழைக்கப்பட்ட குடிகளே. வயலை விட்டு வந்து, கூலியின்றி, தம் உணவைத் தாமே கொணர்ந்து உழைத்தோர் மனம் கசந்தனர். அக்கசப்பைத் தலைவர்கள் தமக்கு வாய்ப்பாகப் பயன்படுத்திக் கொண்டனர். மாலைவேளையிலே வாவியின் அழகைக் கண்டு நிற்கும்போது, அதற்கு மண் சுமந்தோரையும் நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. கவிதை எழுதவேண்டுமென்று வரும் மாணவரிடமும் இதனைச் சொல்வதுண்டு. அவர்கள் நிலவைப் பற்றியே எழுதிக்கொண்டு வருவர்.

பிலிமத்தலாவையின் சூழ்ச்சிகளை மன்னன் அறியாதிருந்தானல்லன். பலமுறை பொறுத்தான் என்றே நூல்கள் கூறும். முடிவில், தன் உயிருக்கே உலை வைக்கப்பட்டதை அறிந்து, 1811இல் அவ்வமைச்சனைக் கொல்வித்தான். அவனிடத்திலே முதலாம் அதிகாராக அமர்ந்தவன் எகலப்பொல. இங்கே மன்னனுடைய வாழ்வின் இரண்டாம் பகுதி தொடங்குகின்றது எனலாம். தன்னை ஆக்கியவனே தன்னை அழிக்க முயன்றதைக் கண்டபின், அவன் எவரையும் நம்பவில்லை. தலைவரை நம்பாமல் தன் உறவினரையே சூழ வைத்துக்கொண்டான். அதனால் தலைவர் மேலும் விலகினர். அவர் விலகியதனால் அவன் மேலும் ஐயுற்றான்.

எகலப்பொலவும் முன்னவன் வழியே சென்றான். கொழும்போடு கடிதத் தொடர்பு கொண்டான். 1814இல் மன்னன் அழைத்தும் வராமல், சப்பிரகமுவையிலே கலகக்கொடி உயர்த்தினான். அது தோற்கவே, ஆங்கிலேயரிடம் ஓடிப்போனான். அவனுடைய மனைவியும் மக்களும் கண்டியிலே இருந்தனர்.

அடுத்து நிகழ்ந்ததை எழுத எழுதுகோல் கூசுகின்றது. ஆயினும் எழுதாது விடுதல் முறையன்று. 1814 மே மாதத்திலே அம்மக்கள் தாயின் கண்முன்னே தலை துணிக்கப்பட்டனர். மூத்தவன் அஞ்சித் தாயைப் பற்றிக்கொண்டானாக, இளையவனான மத்தும பண்டார முன்வந்து தன் கழுத்தை நீட்டினான் என்று சிங்கள மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். தாயாகிய குமாரிகாமி அம்மையாரும் உறவுப் பெண்களும் போகம்பறையிலே அந்நாளில் இருந்த குளத்தில் அமிழ்த்திக் கொல்லப்பட்டனர். அக்குளம் பின்னர் தூர்ந்து மறைந்தது. தாயின் கையிலே உரலும் உலக்கையும் கொடுத்துச் செய்வித்தனர் எனப்படும் கொடுமையை நாம் இங்கு விரித்துரைக்கவில்லை. அதனை ஐயுறும் ஆய்வாளரும் உளர். அப்பகுதி கதையேயாயினும் குழந்தைகள் இறந்தது கதையன்று. இராசத்துரோகியின் குடும்பத்தைத் தண்டித்தல் அக்காலத்து வழக்கென்பர் சிலர். வழக்காயின் நகரமே அன்று அழுதது ஏன்? பல வீடுகளிலே அன்று அடுப்பெரியவில்லை என்பர். நம் வகுப்பிலே அந்த மூன்றாம் மாணவன் கேட்ட கேள்விக்கு, மன்னன் தமிழ் பேசினான் என்பது விடையாகாது.

ஆனால் அக்கொடுமையைக் கண்டு இரங்கித்தான் ஆங்கிலேயர் படையெடுத்தனர் என்று நம்புவது மற்றொரு பேதைமை. யோன் டொயிலி என்னும் அலுவலன் பல ஆண்டுகளாகவே கண்டியிலே ஒற்றரை வைத்து ஆண்டுவந்தான். அவன் மாத்தறையிலே சிங்களங் கற்றவன். துறவியர், வணிகர், தலைவரின் ஏவலர் எனப் பலரும் அவனுக்குச் செய்தி கொணர்ந்தனர். அரண்மனையிலே நேற்றுப் பேசியதைச் சில நாளிலே கொழும்பிலிருந்து அறியக்கூடியவனாயிருந்தான். 1812இல் வந்த தேசாதிபதி றொபேட் பிரவுண்றிக் போருக்கேற்ற காலத்தை எதிர்நோக்கியிருந்தான். 1814இன் இறுதியில் கரையோர வணிகர் பதின்மர் ஒற்றரென்று பிடிக்கப்பட்டு, மன்னன் ஆணையால் உறுப்பறுக்கப்பட்டனர், எழுவர் இறந்தனர், எஞ்சியோர் அக்கோலத்தோடு கொழும்பை அடைந்தனர். காத்திருந்த காரணம் கிடைத்துவிட்டது. 1815 சனவரி 10ஆம் நாள் போர் அறிவிக்கப்பட்டது.

போர் என்பது பெயரளவில்தான். எகலப்பொலவின் இடத்துக்கு வந்த மொல்லிகொடவும் தன் பகுதியோடு ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு படையையே விழுங்கிய கணவாய்களும் காடுகளும் இம்முறை வழிவிட்டு நின்றன. பெப்ரவரி 14இல் படை நகரினுள் நுழைந்தது. மன்னன் தும்பறை மலைப்பக்கம் சென்று, மெதமகாநுவரைக்கு அண்மையிலே ஒரு வீட்டிலே தேவியர் இருவரோடு ஒளித்திருந்தான். பெப்ரவரி 18ஆம் நாள் எக்னெலிகொடவின் ஆட்கள் அவ்வீட்டைச் சூழ்ந்து கதவை உடைத்தனர். பிடித்தவர் ஆங்கிலேயரல்லர், எகலப்பொலவைச் சார்ந்த அவனுடைய குடிகளே. கொடிகளாற் கைகால்களைக் கட்டி இழுத்தனர், வசைமொழி பேசினர், தேவியரின் காதணிகளைக் காதோடு பறித்தனர். ஆங்கிலேயரிடம் மொழிபெயர்ப்பாளனாயிருந்த தயஸ் என்பான் அங்கு வந்து, கட்டை அவிழ்க்கச் செய்து, உடுக்கத் துணியும் செல்லப் பல்லக்கும் தேடிக்கொடுத்தான். அவன் எழுதிவைத்த குறிப்பாலேயே இவையெல்லாம் நமக்குத் தெரியவந்தன. மன்னனுக்கு அப்பொழுது வயது முப்பத்தைந்து.

1815 மார்ச் 2ஆம் நாள் மகுல் மடுவ என்னும் அரச மண்டபத்திலே கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் பிடித்துக்கொள்ளும் அதே மரத்தூண்களின் நடுவிலேதான். அவ்வொப்பந்தம் மன்னனை நீக்கியதோடு நில்லாமல், மலபார் இனத்தவர்க்கு இவ்வரசில் உரிமையில்லை என்றது. அவன் உறவினரான ஆடவர் எவரும் மலைநாட்டிற் காலடி வைத்தலாகாதென விலக்கியது. ஒப்பமிட்ட தலைவருட் சிலருடைய கையெழுத்திலே தமிழெழுத்துகள் காணப்படுகின்றன என்பது ஈண்டு கருதத்தக்கது. மலபாரியை வெளியேற்றும் பத்திரத்திலே!

தமிழாசிரியராகிய நமக்கு இவ்விடத்திலே சொற்கள்மீது மனஞ் செல்கின்றது. ஒரே மனிதனை ஆங்கிலேயர் மலபாரி என்றனர். அவனை எதிர்த்த சிங்களப் புலவர் வடுகன் என்றனர். வடுகர் என்னும் சொல்லோ நம் பழைய இலக்கியங்களில் வேங்கடத்துக்கு வடக்கே வாழ்ந்தோரைக் குறித்த சொல். நம்மவரோ பிற்காலத்திலே அவனைத் தமிழ் மன்னன் என்று கொண்டாடினர். அவன் தன்னைச் சிங்களே என்னும் நாட்டின் மன்னனாகவும் தலதாவின் காவலனாகவுமே கருதினான். 1798இல் பிலிமத்தலாவைக்கு அவன் அயலவன் என்பது தகுதியாயிருந்தது, துணையற்றவனல்லவா? 1815இலே அதே அயன்மை குற்றமாயிற்று. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் அவன் குருதி மாறவில்லை. குழந்தைகளைக் கொல்வித்த பழி அவனைச் சாரும். அயலவனாய்ப் பிறந்த பழியை அவன்மேல் ஏற்றியவர், அவனை அழைத்து முடி சூட்டியவர்களே.

இதற்குச் சான்று மூன்றாண்டுகளுக்குள் கிடைத்தது. 1817இல் ஊவாவிலே ஆங்கிலேயருக்கெதிராகப் பெருங்கிளர்ச்சி மூண்டது. கிளர்ந்தெழுந்தோர் தமக்கு அரசனாக முன்னிறுத்தியவன், தன்னைத் துரைசாமி என்னும் நாயக்கர் குலத்தவனென்று சொல்லிக்கொண்ட ஒருவன்! உண்மையில் அவன் வில்பாவை என்னும் ஊரைச் சார்ந்த சிங்களவன், முன்னர் துறவியாயிருந்தவன். அரசனென்றால் மக்கள் மனத்திலே நாயக்கர் குலமே இன்னும் நின்றது போலும். கிளர்ச்சித் தலைவனாகிய கெப்பெட்டிப்பொல, மன்னனாற் கொல்லப்பட்ட குமாரிகாமியின் உடன்பிறந்தான் என்பதையும் சேர்த்து எண்ணுக. அவன் 1818 நவம்பரிலே போகம்பறையிலே தலை துணிக்கப்பட்டான். ஆங்கிலேயரை அழைத்துவந்த எகலப்பொலவும் ஐயத்தின்பேரிற் சிறைப்பட்டு, மொரீசியசுத் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1829இல் அங்கேயே இறந்தான். அரியணை அவனுக்கும் கிடைக்கவில்லை. டொயிலி 1824இல் கண்டியிலே இறந்தான். தலதா மாளிகைக்கு அண்மையிலுள்ள ஆங்கிலேயர் மயானத்திலே அவன் கல்லறை உளது.

மன்னனைக் கொழும்பிலே ஏறக்குறைய ஓராண்டு வைத்திருந்தனர். கோட்டைப் பகுதியிலே ஒரு சிறு கூண்டைக் காட்டி அவன் சிறை இதுவே என்பர். அது பிற்காலக் காவற்கூடம் என்றும், அவன் இருந்தது வசதியான வீடொன்றிலேயே என்றும் ஆய்ந்தோர் கூறுவர். 1816 சனவரி 24ஆம் நாள் கோண்வாலிஸ் என்னும் கப்பலிலே தேவியரோடும் சுற்றத்தாரோடும் சென்னைக்கு அனுப்பப்பட்டு, வேலூர்க் கோட்டையை அடைந்தான். திப்பு சுல்தானின் மக்களை 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்க் கிளர்ச்சி வரையிற் சிறைவைத்திருந்த கோட்டை அது. மன்னன் பிடிபட்ட அதே 1815இலேதான் ஐரோப்பாவை நடுங்கவைத்த நெப்போலியனும் வீழ்ந்து, சென் எலேனாத் தீவிலே விடப்பட்டான். நெப்போலியனைப் பற்றி நூலகம் நிறைய நூல்கள். நம்முடைய மன்னனுக்கோ வேலூரிலே பதினாறு ஆண்டுகள் சென்ற வகையைச் சொல்லச் சில கடிதங்களே. 1832 சனவரி 30ஆம் நாள் மகோதர நோயால் அவன் உயிர் துறந்தான். அவன் வழியினர்க்கு இலங்கை அரசாங்கம் நெடுங்காலம் உதவிப்பணம் கொடுத்து வந்தது.

பாலாற்றங்கரையிலே அவனுடைய சமாதி பல காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1990இலே தமிழ்நாட்டரசு அதன்மேல் முத்து மண்டபம் என்னும் நினைவாலயத்தை எழுப்பியது. அவன் அமர்ந்த அரியணையும் நெடும்பயணம் செய்தது. ஒல்லாந்தர் 1693இல் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த அவ்வரியணை, 1815க்குப் பின் இங்கிலாந்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு, வின்சர் மாளிகையிலே நூறாண்டுக்கு மேல் இருந்து, 1934இல் குளொஸ்டர் கோமகன் கையாலே திருப்பித் தரப்பட்டது. இப்பொழுது கொழும்பு அரும்பொருட்சாலையில் உளது. நம் மாணவரை அங்கு அழைத்துச் சென்றபோது, ஒருவன் நெடுநேரம் அதனை நோக்கி நின்று, மன்னன் குள்ளனாயிருந்தானா என்று கேட்டான்.

மெதமகாநுவரைப் பக்கம், மன்னன் பிடிபட்ட இடத்திலே ஒரு நினைவுக்கல் உண்டு. இவ்விழாவாண்டிலே உயர்தர வகுப்பு மாணவரை அவ்விடத்துக்கு ஒரு நாட்பயணமாக அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். வாகன உதவி செய்யக்கூடிய பழைய மாணவர்கள் பள்ளி நாள்களிலே தமிழாசிரியர் அறையில் நம்மைக் காணலாம். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால், வெயிலேறுமுன் மலையேறிவிடலாம்.